பெரியப்பாவின் கார்: பிளக் வாங்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள்

கேள்வி: பெரியப்பா தந்த 9 வயது 1.6 லிட்டர் பெட்ரோல் கார், சிங்கப்பூரில் ஈசூனில் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. சாலை வரி, காப்புறுதி இரண்டும் முடிந்துவிட்டன. சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் பத்து மாதம். பிளக், ஃபில்டர் மாற்றி டியூன்-அப் செய்தால் போதும் என்கிறார் நண்பர். இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். டியூன்-அப் நல்ல இஞ்சினைச் சீராக்கும். தேய்ந்த பிஸ்டன் ரிங்கையும் கசியும் வால்வையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது.

வரியும் காப்புறுதியும் இல்லாத காரைச் சாலையில் ஓட்டக்கூடாது. இழுவை வண்டியில் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் உடனே சாவியைத் திருப்பவேண்டாம். நாள்பட நின்ற இஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஆயில் விட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இறுகி நின்றால் அழுத்திப் பார்க்காதீர்கள்.

சுற்றினால், ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களையும் கழற்றிவிட்டு, நல்ல பேட்டரியில் சில விநாடி ஸ்டார்ட்டரால் இஞ்சினைச் சுற்றவிட்டு (கிராங்க்), ஊற்றிய ஆயிலை வெளியேற்றுங்கள். அது தங்கினால் அளவு பொய்யாக உயரும். பிறகு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டி ஐந்தாறு அமுக்கம் வரை சுற்றவிடுங்கள். இத்தகைய இஞ்சின்களில் பெரும்பாலும் 150 பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) மேல் வரும். சரியான எண்ணை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவலைதான். குறைந்த சிலிண்டரில் மீண்டும் ஒரு கரண்டி ஆயில் விட்டு அளங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களும் ஒன்றாகக் குறைந்தால், சிலிண்டர்களின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

அளவு நன்றாக இருந்தாலும் பிளக் கடைசிதான். பழைய பெட்ரோலை வடித்து, ஆயில், ஃபில்டர், கூலன்ட் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் அதைக் கண்டிப்பாக மாற்றவேண்டும். டைமிங் பெல்ட் வகை என்றால், கடைசியாக மாற்றிய தேதி தெரியாதவரை அதையும் மாற்றிவிடுங்கள். அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு, தயாரித்த ஆண்டு.

பத்து மாதம் ஓட்டுவதற்காக மட்டும் இவ்வளவு செலவு வேண்டாம் என்பதே என் கருத்து. சிஓஇயைப் புதுப்பிக்கும் எண்ணமும், நான்கு சிலிண்டரிலும் நல்ல அளவும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லையென்றால் இப்போதே பதிவை நீக்குங்கள்: மீதமுள்ள சிஓஇ காலத்துக்கான தொகை திரும்ப வரும், பார்ஃப் (பதிவு நீக்கும்போது கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தரும் கழிவு) தகுதியுள்ள காராக இருந்தால் அந்தக் கழிவும் உண்டு. சிஓஇயைப் புதுப்பித்தால் பார்ஃப் கிடைக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள்.