தோட்டத்தில் கிடைத்த ரோமானியக் காசுகள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: எங்கள் ஊர் கொங்குப் பக்கம். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த தோட்டத்தில் மூன்று மாதம் முன்பு தென்னங்கன்று வைக்கக் குழி எடுத்தோம். கூலிக்கு வந்த ஓர் அம்மாவின் மண்வெட்டி பட்டு ஒரு சின்ன மண்கலயம் உடைந்தது. உள்ளே அறுபதுக்கும் மேல் வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ஆண் தலை, மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண், சுற்றி இங்கிலீஷ் மாதிரி எழுத்து. அந்த அம்மாவுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன். ரோமானியக் காசு என்று ஒரு வியாபாரி விலை பேசுகிறார். மச்சான் உருக்கிவிடலாம் என்கிறார். பெரியப்பா மகனோ, 'தாத்தா புதைத்து வைத்தது, எனக்கும் பாதி வேண்டும்' என்கிறார். ரோமாபுரி ராஜா இங்கே ஆண்டதே இல்லையே, இது எப்படி வந்தது? சட்டப்படி யாருக்கு?

பதில்: முதலில் வியாபாரியிடம் இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள், மச்சானையும் அடுப்புப் பக்கம் விடாதீர்கள். அப்புறம் நிதானமாக இதைப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்கத் தவறிய ஒரு விஷயம்தான் உங்களுக்கு நாளைக்குத் தலைவலியாக வரப்போகிறது. அது அந்த ஐந்நூறு ரூபாய்.

இதற்கென்று 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், கண்டெடுத்தவர் முடிந்தவரை சீக்கிரம் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, ஏறக்குறைய என்ன மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில். கூடவே பொருளைப் பக்கத்து அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் கேட்கும்போது கொண்டுவருவேன் என்று கலெக்டர் ஏற்கும்படி பிணை கொடுக்க வேண்டும். இது 4ஆம் பிரிவு. கலெக்டர் விசாரித்து, உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவித்தபின், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் நடுவே வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. இது 11ஆம் பிரிவு.

சரி, கண்டெடுத்தவர் யார்? கடிதம் முழுக்கக் காசு உங்களுக்கே கிடைத்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். மண்வெட்டி யார் கையில் இருந்தது? நிலம் என்னுடையது, கூலி கொடுத்தது நான், அதனால் கிடைத்ததும் எனக்குத்தான் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. உங்கள் தரப்பில் ஒரு வக்கீல் அப்படி வாதாடவும் செய்வார். ஆனால் சட்டம் கண்டெடுத்தவர் என்றுதான் சொல்கிறது, முதலாளி என்றும் கூலியாள் என்றும் பிரிக்கவில்லை. குழி வெட்டத்தான் அவரைக் கூப்பிட்டீர்கள், புதையல் தேட இல்லை. என் கருத்துப்படி முக்கால் பங்கைக் கேட்கும் உரிமை அந்த அம்மாவுக்குத்தான் இருக்கிறது, ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போனதால் அது போய்விடாது.

வேடிக்கை என்னவென்றால், இதே வழக்கை அந்தக் காசை அடித்த ஊர்க்காரர்களே அலசி வைத்திருக்கிறார்கள். கி.பி. 117 முதல் 138 வரை ஆண்ட ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் ஒரு விதி போட்டார்: தன் நிலத்தில் கண்டெடுத்தால் முழுதும் அவனுக்கே, அடுத்தவன் நிலத்தில் தற்செயலாகக் கண்டெடுத்தால் பாதி அவனுக்கு, பாதி நிலத்துக்காரனுக்கு. பேரரசரின் நிலமாக இருந்தாலும் பாதி பேரரசருக்கு, அவ்வளவுதான். நல்ல விதிதான். ஆனால் கண்டெடுத்தவன் அடிமையாக இருந்தால்? அந்தப் பாதி அவனுடைய எஜமானனுக்குப் போகும் என்று ரோமானியச் சட்ட அறிஞர் ஒருவர் எழுதியது பேரரசர் ஜஸ்டினியன் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. அடிமை சம்பாதிப்பதெல்லாம் எஜமானனுக்கு என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படை. தகப்பன் அதிகாரத்தில் இருக்கும் மகன் கண்டெடுத்தாலும் அப்படித்தான், மகனுக்கு நாற்பது வயது ஆகியிருந்தாலும் சரி. 'கூலி கொடுத்தேன், ஆகவே என்னுடையது' என்ற உங்கள் வாதம் அந்த ரோமானிய எஜமானனுக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது, அந்த அம்மா உங்கள் அடிமை இல்லை.

இனி காசு எப்படி வந்தது என்பது. இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி என்று நினைக்காதீர்கள். நம் புதையல் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி யார், எந்தச் சூழ்நிலையில் மறைத்து வைத்தார்கள் என்று முடிந்தவரை விசாரிக்க வேண்டிய கடமை கலெக்டருக்கு இருக்கிறது, உங்கள் பெரியப்பா மகனின் கதையும் அங்கேதான் வந்து முட்டும்.

நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது ரோமானியப் பேரரசர் திபேரியஸ் காலத்து தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு போலத் தெரிகிறது. அவர் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. பைபிளில் இயேசு 'இது யாருடைய உருவம்' என்று கேட்டு, சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள் என்று சொன்னாரே, அந்தக் காசு இந்த வகைதான் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கொங்கு நாட்டில் திபேரியஸ், அவருக்கு முன் ஆண்ட அகஸ்டஸ் இருவரின் காசுகள் கிடைப்பது புதிதும் இல்லை. வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர், உடுமலைப் பக்கம் பூதிநத்தம் என்று பட்டியல் நீளும்.

ரோம் இங்கே ஒரு சிப்பாயைக்கூட அனுப்பி நாடு பிடித்ததில்லை என்பது சரிதான். ஆனால் வேறு இடங்களில் அவர்கள் பிடித்த நாடுகள் இல்லாமல் இந்தக் கலயமும் இல்லை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் அரசோடு நடந்த இரண்டாம் போரில், கி.மு. 209இல் ஸ்பெயினில் புதிய கார்த்தேஜ் நகரத்தைக் கைப்பற்றினார்கள், பக்கத்து வெள்ளிச் சுரங்கங்களும் கைக்கு வந்தன. அங்கே 40,000 பேர் வேலை செய்தார்கள், ரோமுக்கு ஒரு நாளைக்கு 25,000 திராக்மா (கிரேக்க வெள்ளிக் காசு) கிடைத்தது என்று கி.மு. 2ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்கிறார். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள், வெளியே உயிரோடு வந்தவர்கள் கொஞ்சம். பிறகு ஜூலியஸ் சீசர் கால் (Gaul) என்ற நாட்டைப் பிடித்தார், அது இன்றைய பிரான்ஸ். அங்கே லுக்துனும் என்ற ஊரில், அதாவது இன்றைய லியோனில், அகஸ்டஸும் திபேரியஸும் காசு அடித்தார்கள். கி.மு. 30இல் எகிப்தும் ரோமின் கைக்கு வந்ததும் செங்கடல் துறைமுகங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றான மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்வரை இந்தியாவுக்குப் போகின்றன என்று அந்தக் காலத்துப் புவியியல் அறிஞர் ஸ்டிராபோ எழுதினார், முன்பெல்லாம் இருபதுகூடப் போனதில்லையாம்.

அந்தக் கப்பல்கள் பருவக்காற்றில் முசிறிக்கு வந்து மிளகு ஏற்றின. வந்திறங்கிய காசு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குக்குள் நுழைந்தது. நுழையக் காரணம் இருந்தது, படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல், கொடுமணலின் மணிகள் எல்லாம் இங்கேதான். ரோமில் இதற்கு ஒரே புலம்பல். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஷியஸை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வயிறெரிந்து எழுதியிருக்கிறார். நான்கு செஸ்டெர்ஷியஸ் ஒரு தெனாரியஸ், ஒரு ரோமானியப் போர்வீரனுக்கு அப்போது ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ஆனால் பிளினி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எகிப்து வழியாக உள்ளே வந்த சரக்குக்கு அரசு 25 சதவீத வரி வாங்கியது. மிளகு சாப்பிட்டதில் பணக்காரர்கள் கை காலியானாலும், பேரரசரின் கஜானா நிறைந்துகொண்டுதான் இருந்தது. நம் ஊரில் அந்தக் காசைச் சந்தையில் செலவழித்ததைவிட வெள்ளிக்கும் தங்கத்துக்கும் எடை பார்த்து வைத்துக்கொண்டதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளி வைத்து வெட்டியிருந்தார்கள், இனி இது நாணயம் இல்லை என்று சொல்வதுபோல. கி.பி. 64 வாக்கில் நீரோ காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். அதற்கு முந்தைய நல்ல வெள்ளிதான் இங்கே அதிகம் கிடைக்கிறது.

இப்போது பெரியப்பா மகனுக்கு வருவோம். 8ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கண்டெடுத்த நாளுக்கு முன் நூறு ஆண்டுக்குள், உரிமை கோருபவரோ, அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்த முன்னோரோ மறைத்து வைத்தது என்று நம்பக் காரணம் இருந்தால், கலெக்டர் விசாரணையைத் தள்ளிவைத்து, சிவில் கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்க அவருக்கு அவகாசம் தர வேண்டும். ஆக, காசு பழையது என்பதாலேயே அவர் வாதம் விழுந்துவிடாது. பழைய காசைத் தாத்தா எங்கிருந்தோ வாங்கிப் புதைத்திருக்கலாமே! ரோமானியர்களும் இதே கோட்டைத்தான் போட்டார்கள்: சொந்தக்காரன் யார் என்ற நினைவே அழிந்துபோன பழைய பணம்தான் புதையல், பயத்தாலோ பாதுகாப்புக்கோ ஒருவன் புதைத்து வைத்ததை எடுத்தால் அது திருட்டு என்று பவுலுஸ் என்ற சட்ட அறிஞர் எழுதியிருக்கிறார். ஆகவே உங்களிடம் உள்ள முக்கியச் சாட்சி காசு இல்லை, அந்த உடைந்த கலயம். ஓடுகளைக் குப்பையில் போட்டிருந்தால் தேடி எடுங்கள். கலயம் எந்தக் காலத்தது, எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில் இருந்தது என்பதைத் தொல்லியல் துறைக்காரர்கள் பார்த்தால் தாத்தா கதை நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விபூதியும் வேண்டாம். மேற்கொண்டு தோண்டவும் கூடாது. யாராவது ராத்திரி பூஜை போட்டு இன்னும் எடுத்துத் தருகிறேன் என்று வருவார்கள், வராமல் இருக்கமாட்டார்கள். 5ஆம் நூற்றாண்டிலேயே லியோ என்ற பேரரசர், புதையல் தேடலாம், ஆனால் பலியும் மாந்திரீகமும் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் பாருங்கள்.

விற்பது பற்றி: நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், உங்களிடம் விலை பேசியவரிடம் அதைக் கேட்டுப்பாருங்கள், ஆளைக் காணோம் என்றாகிவிடும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அபராதம் தனி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கலெக்டருக்குத் தெரிவிக்காததற்கே புதையல் சட்டத்தின் 20ஆம் பிரிவில் கண்டெடுத்தவருக்கு ஓராண்டுவரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், பங்கும் அரசுக்குப் போய்விடும். அதற்கு உடந்தையான நிலத்துக்காரருக்கு 21ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை. கவனியுங்கள், இப்போது நீங்கள் பேசாமல் இருந்தால் முதல் குற்றவாளியாக நிற்கப்போவது ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போன அந்த அம்மா.

அரசு எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்று அடுத்து கேட்பீர்கள். 16ஆம் பிரிவுப்படி உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். காசு ஒன்று நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மிகவும் கஞ்சத்தனமான பிரிவு இது, மக்கள் மறைப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன், மாற்ற வேண்டும். மாற்றும்வரை அதுதான் சட்டம்.

கலெக்டருக்கு எழுதினால் வம்பாகுமோ என்ற பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ஏதென்ஸில் அட்டிகஸ் என்பவர் தன் வீட்டில் பெரும் புதையல் எடுத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே நெர்வா பேரரசருக்குக் கடிதம் போட்டார். சொத்துப் பறிமுதலுக்குப் பேர்போன டொமிஷியன் செத்து அதிக நாள் ஆகாத நேரம். கிடைத்ததைப் பயன்படுத்திக்கொள் என்று பதில் வந்தது. பயம் தெளியாமல், என் தகுதிக்கு மிஞ்சியது என்று மறுபடி எழுதினார். அப்படியானால் கண்டபடி செலவழி, உன்னுடையதுதான் என்றார் நெர்வா. உங்கள் கலெக்டர் அவ்வளவு தாராளமாக இருக்க முடியாது, ஆனாலும் தானாக முன்வந்து எழுதியவர்மேல் வழக்குப் போடுவது அபூர்வம்.

ஆகவே இந்த வாரமே அந்த அம்மாவை நேரில் போய்ப் பார்த்து, கையெழுத்தோ கைநாட்டோ அவருடையதாக, நிலத்துக்காரர் என்று உங்களுடையதும் சேர்த்து, ஒரே மனுவாகக் கொடுங்கள். எத்தனை காசு, மொத்த எடை, சர்வே எண், குழியின் ஆழம், கிடைத்த தேதி எல்லாம் இருக்கட்டும், தாமதமானதற்கு உண்மையான காரணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். மச்சான் எடுத்துவைத்த காசு ஏதாவது இருந்தால் அதுவும் எண்ணிக்கையில் வர வேண்டும். மாநிலத் திருத்தங்களையும் பார்த்து எழுத வேண்டியிருப்பதால் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு, கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை காசைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.