கொம்பில்லாத பெட்டை பருவத்துக்கு வராதது ஏன்?

கேள்வி: நிபோங் திபாலில் சானென் ஆடுகள் வளர்க்கிறேன். ஒன்றரை வயதுப் பெட்டை ஒன்று இதுவரை பருவத்துக்கு வரவில்லை. கிடாவைப் போல நாற்றம் அடிக்கிறது, மற்ற பெட்டைகள்மேல் ஏறுகிறது. தாய், தகப்பன் இரண்டுக்கும் பிறவியிலேயே கொம்பில்லை. ஹார்மோன் ஊசி போட்டால் சினை பிடிக்குமா ஐயா?

பதில்: ஊசிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் தம்பி. முதலில் வாலைத் தூக்கிப் பாருங்கள். பெண்ணுறுப்பின் கீழ்முனையில் பட்டாணி அளவுக்குச் சதை முடிச்சு துருத்தியிருந்தால், அது பெரும்பாலும் இருபால் ஆடுதான். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

காரணம் தீவனத்தில் இல்லை, மரபணுவில் இருக்கிறது. ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணு உருவாக்கும் புரதம் மற்ற மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்யும். கருவில் சூலகம் சூலகமாக வளர்வது அதனால்தான். கண்ணிமை உருவாகவும் அது வேண்டும். கொம்பில்லாத ஆடுகளில் முதலாவது குரோமோசோமில் 10,000 டி.என்.ஏ. எழுத்துகளுக்கு மேல் விடுபட்டிருப்பதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001-இல் கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ்எல்2 அந்தத் துண்டுக்குள் இல்லை. அதை முடுக்கிவிடும் பகுதிதான் போய்விடுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்தால், பெண் கருவின் சூலகத் திசு விரைத் திசுவாக மாறிவிடும். உங்கள் பெட்டையின் நாற்றத்துக்கும் குணத்துக்கும் அதுவே காரணம். 2014-இல் ஃபாக்ஸ்எல்2-ஐ மட்டும் செயலிழக்கச் செய்து பார்த்தபோதும் பெண் ஆட்டுக் கருக்களில் விரை வளர்ந்தது. பிறக்கும் முன்பே முடிந்துபோன காரியம் இது, மருந்தால் திருப்ப முடியாது. இறைச்சிக்கு வளர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் குறை வந்தால் கொம்பு இருக்காது, ஆனால் பெட்டை நன்றாகவே ஈனும். ஆகவே கொம்பில்லாத கிடாவை விற்க வேண்டியதில்லை, கொம்புள்ள பெட்டைகளோடு மட்டும் சேருங்கள். கொம்பில்லாததையும் கொம்பில்லாததையும் சேர்த்தால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டிகளில் நாலில் ஒன்று இப்படி ஆகலாம். கிடாவுக்கு இரு பக்கக் குறையும் இருந்தால் அது இரண்டில் ஒன்றாகக் கூடிவிடும். அப்படிப்பட்ட கிடாக்களில் சிலவற்றுக்கு விந்துக்குழாய் அடைத்துக்கொள்வதும் உண்டு.

அப்புறம், ஆடு வாங்கும்போது கொம்பு பிறவியிலேயே இல்லையா, குட்டியில் சுட்டு எடுத்ததா என்று கட்டாயம் கேளுங்கள். சுட்டதென்றால் அதைக் கொம்புள்ள ஆடாகவே கணக்கில் வையுங்கள். உங்கள் கொட்டகையில் பிறக்கும் குட்டிகளை முதல் வாரத்திலேயே பாருங்கள்: கொம்பு வரப்போகும் தலையில் இரண்டு இடத்தில் முடி சுழித்திருக்கும். பார்த்ததும் நோட்டில் எழுதிவிடுங்கள்.