கண்டி புகையிரத நிலையத்தில் நான் ஏறாத வண்டி

வெளிநாட்டில் முதுகுப்பையோடு தனியாகச் சுற்றும்போது அங்கே அரசியல் போராட்டம் வெடித்தால் என்ன செய்ய வேண்டும், அப்படியொரு அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உண்டு. 2022 ஜூலை மாதம் இலங்கையில், கண்டியில் இருந்தேன்.

நான் வேலூர்க்காரன். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, எங்கள் ஊர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கும் முத்து மண்டபத்தைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால், அவர் ஆண்ட ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. இலங்கை அந்த ஏப்ரலிலேயே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்திருந்ததும், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று கொழும்பு காலிமுகத்திடலில் ஏப்ரல் 9 முதல் மக்கள் கூடாரமடித்து அமர்ந்திருந்ததும் தெரிந்தேதான் புறப்பட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற கட்டுப்பாடு நடப்பில் இருந்தது. பெற்றோல் நிலைய வாசல்களில் வாகனங்கள் நாள்கணக்கில் நின்றன. பால்மா (பால்பவுடர்) கிடைக்காததால் தேநீர்க் கடைகளில் பெரும்பாலும் பிளேன்டீதான். புகையிரத நிலையத்துக்கு அருகே அப்படியொரு கடையை நடத்திய தமிழ்ப் பெரியவர், நான் வேலூர் என்றதும் மன்னரைப் பற்றிக் கேட்டார். அதிலிருந்து தினமும் அங்கே போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 9, சனிக்கிழமை. கொழும்பில் முந்தைய இரவு அறிவித்த ஊரடங்கு காலையில் விலக்கப்பட்டிருந்தது. கண்டி நிலையத்தில் திரண்ட கூட்டம், அன்றைய போராட்டத்தில் சேரக் கொழும்புக்கு வண்டியை விட்டே ஆக வேண்டும் என்று அதிகாரிகளிடம் வாதாடிக்கொண்டிருந்தது. மாணவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருந்த தந்தையர், துறவிகள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். எனக்கும் ஏறிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் கோபம் நியாயமானது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். பையை மாட்டிக்கொண்டு எழுந்த என் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க திரும்பிப் போற டிக்கெட்டோட வந்தவரு. அங்க ஏதாவது ஆச்சுன்னா, இந்தியாவிலிருந்து ஆள் வந்து கலந்துகிட்டான்னு பேச்சு வரும். அந்தப் பேச்சு உங்க மேல விழாது, எங்க மேலதான் விழும்."

இதை எந்தப் பயண அறிவுரையிலும் நான் படித்ததில்லை. ஒரு ஜெர்மானியரோ ஆஸ்திரேலியரோ அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் அவர் வெறும் சுற்றுலாப் பயணி. தமிழ்நாட்டிலிருந்து போன நான் அப்படியல்ல. என் முகமும் மொழியும் அங்கே வாழும் ஒரு சமூகத்தின் முகமும் மொழியும் ஆகும். 1983 ஜூலையில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபோது பெரியவருக்குப் பன்னிரண்டு வயது; எரிந்தவற்றில் அவருடைய தந்தையின் கடையும் ஒன்று. போராட்டத்தை அவர் வெறுக்கவில்லை. அந்த மே 18 அன்று காலிமுகத்திடலில், 2009 போரின் இறுதியில் கொல்லப்பட்ட தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து, சிங்களவர்களும் நினைவுக் கஞ்சியை வாங்கிக் குடித்ததை மிகுந்த மகிழ்ச்சியோடு சொன்னவர் அவர்தான். அவருடைய மகன் அன்றைய வண்டியில் ஏறிப் போனான். நான் ஏறவில்லை.

மாலையில் கடைத் தொலைக்காட்சியில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் நிறைந்திருப்பதையும் நீச்சல் குளத்தில் இறங்குவதையும் காட்டியபோது கடையே ஆரவாரித்தது. பிறகு பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் சொந்த வீடு எரிவதைக் காட்டினார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து கடைக்கதவை இறக்கினார். மகன் மறுநாள் பத்திரமாக வந்து சேர்ந்தான்.

நீங்கள் கேட்டபடி நடைமுறையில் செய்தவற்றையும் சொல்கிறேன். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் (துணைத் தூதரகத்தில்) என் பெயரையும் தங்குமிடத்தையும் தெரிவித்தேன். 14ஆம் தேதி விமானத்துக்கு 12ஆம் தேதியே கிளம்பி, கொழும்புக்குள் நுழையாமல் ராகமையில் இறங்கி, புத்தளம் பாதை வண்டியில் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பு சேர்ந்தேன். அந்த முன்யோசனைதான் என்னைக் காப்பாற்றியது, ஏனென்றால் 13 அதிகாலையில் கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குச் சென்றுவிட, கொழும்பும் விமான நிலையமும் அடங்கிய மேல் மாகாணத்தில் ஊரடங்கு போடப்பட்டது. கைபேசியில் எடுத்த படங்கள் எதையும் நான் வெளியிடவில்லை. போராட்டத்தைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் பதிவிட்டுவந்த ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரின் விசா ஆகஸ்டில் ரத்து செய்யப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவிடப்பட்டது என்ற செய்தியைப் பின்னர் படித்தபோது, என் படங்களில் முகம் தெரிந்த மாணவர்களை நினைத்து அவற்றை அழித்தேன்.

ஊர் திரும்பிய வாரத்தில், மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிக்கும் என் பள்ளித் தோழனின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாயார் 1984இல் படகேறி வந்தவர். ஜனாதிபதி ஓடியதையோ மாளிகையையோ அவர் கேட்கவில்லை. கண்டியில் கடைகளை எரித்தார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை அம்மா, நான் இருந்தவரை ஒரு கடைகூட எரியவில்லை என்றேன். அந்தப் பெரியவரின் கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்; நிலையத்திலிருந்து போகும் வழியை ஒவ்வொரு திருப்பமாக அவருக்குச் சொன்னேன்.