பிரேக் டிஸ்க்கில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூவின் மண்டை மழுங்கிவிட்டது, டிரைவர் சும்மா சுற்றுகிறது. எப்படிக் கழற்றுவது?

முதலில் கையில் இருக்கிற டிரைவரைக் கீழே வையுங்கள். இன்னும் ஒரே ஒரு தடவை திருகிப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும், அந்த ஒரு தடவைதான் மிச்சமிருக்கிற பிடியையும் வழித்துக்கொண்டு போகும். எனக்கு அப்படித்தான் போனது.

கடலூரில் வீடு, தேவனாம்பட்டினம் போகிற பக்கம். இந்தக் கடற்காற்றில் சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாங்காது, பன்னிரண்டு வருஷக் காரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன் சக்கர டிஸ்க் இரண்டையும் நானே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை எடுத்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு (பிரேக் ஆயில் போகிற ஹோஸிலேயே தொங்கவிடாதீர்கள், ஹோஸ் போய்விடும்) எல்லாம் ஒழுங்காக முடிந்தது. டிஸ்க்கை, சக்கரம் மாட்டுகிற ஹப்போடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூவில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றில் 'கறக்'கென்று ஒரு சத்தம், டிரைவர் நுனியில் வெள்ளி மாதிரி மினுமினுவென்று தூள்.

ஏன் வழுக்குகிறது தெரியுமா? பிலிப்ஸ் ஸ்டார் 1930களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் புழக்கத்துக்கு வந்தது. அதன் பள்ளம் சரிவாக இருக்கும், முறுக்கு ஏற ஏற டிரைவர் தானாக மேலே எழும்பும். ஜப்பான் ரக ஸ்டார் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் நம்ம ஊர் பிலிப்ஸ் நுனி அடிவரை போய் உட்காராது. மண்டையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தால் பெரும்பாலும் அந்த ரகம். இதற்கும் மேலே அளவு ஒன்று இருக்கிறது. டிஸ்க் ஸ்க்ரூவுக்குப் பொதுவாக மூன்றாம் நம்பர் நுனி வேண்டும், நம் வீடுகளில் கிடப்பது இரண்டாம் நம்பர். நான் போட்டதும் அதுதான், உங்களுடையதும் அதுவாகவே இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

யூடியூபில் சொல்கிற ரப்பர் பேண்ட் வித்தையையும் செய்து பார்த்தேன். டாஷ்போர்டு ஸ்க்ரூ, ஃபேன் ஸ்க்ரூ என்றால் சரி. துருப்பிடித்த டிஸ்க் ஸ்க்ரூவில் ரப்பர் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து பள்ளத்துக்குள் அடைத்துக்கொண்டது, அதை ஊசியால் நோண்டி எடுக்கவே பத்து நிமிஷம்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார், முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்ப்பவர். உப்புத் தண்ணீரில் ஊறிய நட்டு போல்ட்டோடுதான் அவர் பிழைப்பே. வந்து குனிந்து பார்த்தார்.

"எதுல தம்பி திருவுன?"

"வீட்டுல இருந்த ஸ்டார்லண்ணே."

"நல்லா திருவுன போ."

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். துருவைக் கரைக்கிற ஸ்ப்ரேயை ஸ்க்ரூவைச் சுற்றி இரண்டு சொட்டு மட்டும் விட்டு, டீ குடித்து முடிக்கும் வரை தொடவே இல்லை. அப்புறம் பஞ்ச் என்கிற தட்டை முனை இரும்புக் கம்பியை மண்டை மேல் வைத்துச் சுத்தியலால் நேராக நாலு அடி. இது கோபத்தில் அடிக்கிற அடி இல்லை. அதிர்ச்சியில் மரைக்குள் இருக்கும் துரு விட்டுக்கொடுக்கும், பிதுங்கிக்கிடக்கிற பள்ளத்தின் ஓரமும் கொஞ்சம் உள்ளே படியும். அடுத்து, மூன்றாம் நம்பர் நுனியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டை மொச்சைக்கொட்டை அளவு தடவி, பள்ளத்தில் வைத்து, இம்பாக்ட் டிரைவரில் மாட்டி அடித்தார். பேஸ்ட்டில் இருக்கும் பொடி நறநறவென்று பிடி கொடுக்கும். இம்பாக்ட் டிரைவர் என்றால் பேட்டரியில் ஓடுவது இல்லை, பின்னால் சுத்தியலால் அடிக்கிற உருளை வடிவ இரும்பு. அடி விழும்போது நுனியை உள்ளே அழுத்திக்கொண்டே கொஞ்சம் திருப்பும், வழுக்கி எழும்ப இடமே கிடைக்காது. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பின்னால் ஒரு தடவை இறுக்குகிற பக்கமாக வைத்து அடித்த கதையை வெளியே சொல்வதில்லை.

பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். என்னுடையது வரவில்லை, பள்ளத்தை அவ்வளவு உருட்டி வைத்திருந்தேன். அதனால் உளியை எடுத்தார். மண்டையின் விளிம்பில் முதலில் நேராக ஒரு வெட்டு, பிறகு உளியைச் சாய்த்து, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் தட்டினார். முதல் மூன்று தட்டுக்கும் விளிம்பு மட்டும் மடங்கியது. நாலாவதில் மண்டையைச் சுற்றியிருந்த துருவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விட்டது, ஸ்க்ரூ அசைந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் மட்டும் "வந்துடுச்சு" என்றார். இன்னும் இரண்டு தட்டு, மிச்சத்தை பிளையரில் பிடித்துக் கழற்றிவிட்டார்.

உளிக்கும் மசியவில்லை என்றால் டிரில்தான். நடுவில் கூர்முனை பஞ்ச் வைத்து அடித்துக் குழி போட்டு, சின்ன பிட்டில் தொடங்கி, ஸ்க்ரூவின் தண்டைவிடக் கொஞ்சம் பெரிய பிட் வரை போங்கள் (பொதுவாக 6 மி.மீ. ஸ்க்ரூ, அதற்கு 6.5 பிட்). முழு ஆழத்துக்கும் போக வேண்டாம், மண்டை தனியாகக் கழன்று விழுந்தால் போதும். டிஸ்க் வெளியே வந்துவிடும், ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையை லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருகினால் பல சமயம் சுலபமாக வரும், ஏனென்றால் இறுக்கமெல்லாம் மண்டையோடு போய்விட்டது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதில் எதையும் செய்யாதீர்கள்.

ஸ்க்ரூவில் ஓட்டை போட்டு, அதற்குள் எதிர்ப்பக்கமாகத் திருகி ஸ்க்ரூவை வெளியே எடுக்கிற ஈஸி அவுட்டை மட்டும் நான் கடைசியில்தான் வைப்பேன். கெட்டியான எஃகு, வளையாது, படக்கென்று முறியும். உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது, அப்புறம் லேத் பட்டறைதான். கேஸ் வைத்துச் சூடு காட்டுவதும் இங்கே வேண்டாம், பக்கத்திலேயே பேரிங் கிரீஸும் ரப்பரும் இருக்கின்றன. ஸ்ப்ரே பிரேக் பேடில் பட்டால் பேடை மாற்றிவிடுங்கள், டிஸ்க்கில் பட்டதை பிரேக் கிளீனரால் துடைத்தால் போதும்.

எல்லாம் முடிந்து புது ஸ்க்ரூ இல்லையே என்று நான் முழித்தபோதுதான் அண்ணன் சொன்னார், டிஸ்க்கை உண்மையில் இறுக்கிப் பிடிப்பது சக்கர நட்டுதான், இந்தச் சின்ன ஸ்க்ரூ சக்கரம் மாட்டும் வரை டிஸ்க் நகராமல் இருக்கத்தான் என்று. அரை நாள் போராடியது இதற்கா என்று இருந்தது. ஆனாலும் புதுசு வாங்கி, மரை துருவேறிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் துளி ஆன்டி சீஸ் பசை தடவி, லேசாக இறுக்கி வைத்தேன்.

அடுத்த வாரம் வலது சக்கரம். அறுநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய இம்பாக்ட் டிரைவர், மூன்றாம் நம்பர் நுனி, ஸ்க்ரூவுக்கு நாலு நாலு அடி. டீ ஆறுவதற்குள் இரண்டும் கையில்.