கேளுங்கள், சொல்கிறோம்: கோயம்பேட்டு விலை எங்கள் தெருவுக்கு வருமா?

சென்னையிலும் சுற்றுப் பகுதிகளிலும் நல்ல காய்கறி, பருப்பு, பழம் கட்டுப்படியான விலையில் கிடைப்பது பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். இதில் வரும் காய், பயறு விலையும் வண்டி வாடகையும் கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*கோயம்பேட்டில் தக்காளி கிலோ 20 ரூபாய் என்று டிவியில் சொல்கிற அன்றைக்கே எங்கள் குடியிருப்பு வாசலில் வண்டிக்காரர் 32 சொல்கிறார். எங்கள் பிளாக்கில் 25 குடும்பம் சேர்ந்து நேரே போய் வாங்கி வந்தால் மிச்சமாகுமா?*
— வாசகி, பெரும்பாக்கம்

மிச்சமாகும். ஆனால் 25 குடும்பத்தோடு நின்றுவிட்டால் ஆகாது.

முதலில் அந்த 32 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். 25 கிலோ கிரேட் ஒன்று 500 ரூபாய். சுமைகூலியும் ஷேர் வண்டி வாடகையும் 100 ரூபாய். அடியில் நசுங்கியது, காம்புப் பக்கம் கறுத்தது என்று 2 கிலோ கழிந்துவிடும். மிச்சமுள்ள 23 கிலோவில் 600 ரூபாயை எடுத்தாக வேண்டும் என்றால் கிலோ 26 ரூபாய். இதில் அவர் கூலி இன்னும் சேரவில்லை. அதற்கு மேல் தினவட்டி இருக்கிறது. காலையில் 900 ரூபாய் வாங்கி, பொழுது சாய்வதற்குள் 1,000 திருப்பித் தருகிற வண்டிக்காரர்கள் இன்னும் நிறைய. ஒரே நாளில் 11 சதவீதம். சாயங்காலம் மீந்ததைப் பாதி விலைக்குத் தள்ளுகிற நஷ்டமும் அந்த 32-க்குள்தான் அடங்குகிறது. அவரைக் கொள்ளைக்காரர் என்று சொல்வதில் நியாயம் இல்லை.

இனி உங்கள் கணக்கு. குடும்பத்துக்கு வாரம் 5 கிலோ என்று வைத்தால் 25 குடும்பத்துக்கு 125 கிலோ. பெரும்பாக்கத்திலிருந்து கோயம்பேடு இருபது கிலோமீட்டருக்கு மேல். குட்டி யானைக்குப் போக வர 1,500 ரூபாய் என்றால் வாடகை மட்டும் கிலோவுக்கு 12 ரூபாய் ஆகிறது. கழிவைச் சேர்த்தால் வண்டிக்காரர் விலையையே தாண்டிவிடுவீர்கள். அதே வண்டியில் 500 கிலோ ஏற்றினால் வாடகை கிலோவுக்கு 3 ரூபாயாக இறங்கும். அதற்கு 100 குடும்பம், அதாவது நான்கு பிளாக் சேர வேண்டும்.

அவ்வளவு பேரைச் சேர்க்க முடியாவிட்டால் நாங்கள் சொல்லும் வழி இது. வாசலுக்கு வரும் அதே வண்டிக்காரரிடம் வாரத்தில் இரண்டு நாளுக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுங்கள். முந்தைய நாள் மாலைக்குள் யாருக்கு என்ன, எத்தனை கிலோ என்ற பட்டியலையும் அதற்கான பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அவர் கடன் வாங்க வேண்டாம், சரக்கும் மிஞ்சாது. 28, 29 ரூபாய்க்கு அவராலேயே தர முடியும். அவரிடம் தெருவோர வியாபாரிக்கான அடையாள அட்டை இருந்தால் வங்கியில் மத்திய அரசின் பிஎம் ஸ்வநிதி கடன் கேட்கச் சொல்லுங்கள். 2020-இல் 10,000 ரூபாயாகத் தொடங்கிய முதல் தவணைக் கடன் 2025-இல் 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு.

நேரேதான் போவோம் என்றால் சில விஷயங்கள். லோடு இரவிலேயே இறங்கிவிடும். கடைக்காரர்கள் விடியுமுன் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் விலை இறங்கும். ஆனால் அப்போது மிஞ்சியிருப்பது வாடிய சரக்கு. அன்றைக்கே சாம்பாரில் போட அது சரி, மூன்று நாள் வைத்திருக்க ஆகாது. தக்காளியில் பாதி பழம், பாதி செங்காய் என்று கேட்டு வாங்குங்கள். நாட்டுத் தக்காளி தோல் மெலிசு, வண்டிக் குலுக்கலில் உடையும். அதைக் கிரேட்டின் மேல் பக்கம் வையுங்கள். கீரையை இந்த ஏற்பாட்டில் சேர்க்கவே வேண்டாம். ஊர் வந்து சேர்வதற்குள் சூடேறி மஞ்சளாகிவிடும். பக்கத்தில் கீரை விற்கும் அம்மாவிடமே வாங்குங்கள்.

இப்படிப்பட்ட குழுக்கள் உடைவது பெரும்பாலும் சந்தையில் அல்ல, பங்கு பிரிக்கும் இடத்தில். முதலில் வருபவர் நல்லதைப் பொறுக்கிக்கொள்வார். கடைசியில் வருபவருக்குச் சொத்தைக் கத்தரிக்காய். ஆகவே பொறுக்க விடாதீர்கள். எல்லாவற்றையும் சம கூறுகளாகக் கட்டி, கூறுக்கு எண் போட்டு, சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். 100 கிலோ வாங்கினால் 93, 94 கிலோவுக்குத்தான் பங்கு போட வேண்டும். மீதி கழிவுக்கும் எடைக் குறைவுக்கும் போகும். இதை முதல் நாளே சொல்லிவிடாவிட்டால் வாங்கி வந்தவர் மேல்தான் பழி விழும். எலக்ட்ரானிக் தராசில் அந்த வருடத்து முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் கணக்கு கூடவே கூடாது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மூன்றாம் வாரம் பத்துப் பேர் கேட்பார்கள்.

*ரேஷன் அரிசியைக் கழுவும்போது சில மணிகள் மிதக்கின்றன, நிறமும் வேறாக இருக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்கள். பொறுக்கி எறிந்துவிடுகிறேன். சரியா?*
— வாசகி, வியாசர்பாடி

எறியாதீர்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, இயந்திரத்தில் அரிசி மணி வடிவில் வார்த்து, 100 கிலோ சாதா அரிசிக்கு 1 கிலோ வீதம் கலந்தது. மாவிலிருந்து செய்ததால் சில மணிகள் மிதக்கும். நீங்கள் பொறுக்கி எறிவதில்தான் அந்தச் சத்து முழுவதும் இருக்கிறது. இரண்டு தண்ணீரில் லேசாகக் கழுவி, அளவுத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். கஞ்சி வடித்தால் சத்தில் ஒரு பகுதி அதோடு போகும்; வடித்துத்தான் பழக்கம் என்றால் கஞ்சியை ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் தலசீமியா என்ற ரத்த நோய் உள்ளவர் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேஷன் என்றதும் அரிசியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையான பள்ளம் பருப்பில் இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம். நான்கு பேருக்கு மாதம் 10 கிலோ. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைப்பது 1 கிலோ துவரம்பருப்பு. மிச்சத்தையும் துவரையில்தான் நிரப்ப வேண்டும் என்பதில்லை. தட்டப்பயறு, கொள்ளு, பச்சைப்பயறு என்று விலை குறைந்ததை மாற்றி மாற்றி வாங்குங்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் ஒரு பகுதியை முட்டையாலும் மத்தி, நெத்திலி போன்ற சிறுமீனாலும் ஈடுகட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாததால் பெரிய மீன் விலை ஏறும். நாட்டுப்படகில் வரும் சிறுமீன் அப்போதும் கரைக்கு வரும்.

ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால் 1967-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள்.

*அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மூன்று வேளையும் அம்மா உணவகம்தான். உடம்புக்குப் போதுமா?*
— வாசகர், அம்பத்தூர்

வயிற்றுக்குப் போதும். இட்லி 1 ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் 5, தயிர் சாதம் 3, இரண்டு சப்பாத்தி 3 ரூபாய் என்ற விலையில் வேறெங்கும் சாப்பிட முடியாது. குறைவது புரதமும் காயும் பழமும். மிச்சமாகும் பணத்தில் தினம் ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம் அல்லது கொய்யா, மாலையில் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் சப்பாத்தி கிடைக்கும் உணவகமாக இருந்தால் அதையே எடுங்கள். கூட வரும் பருப்பை விடாதீர்கள்.

*அரசுப் பள்ளி அருகே பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். சிப்ஸ் பாக்கெட் வேண்டாம் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பழம் வைத்தால் அழுகி நஷ்டம். வேறு என்ன வைப்பது?*
— வாசகர், தண்டையார்பேட்டை

ஆசிரியர்கள் சொல்வதற்குச் சட்டமும் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது.

சுண்டல் போடுங்கள். 1 கிலோ காய்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் 2 கிலோவுக்கு மேல் வரும். 100 கிராம் பொட்டலம் 20 கட்டலாம். கடலை 90, எண்ணெய், தாளிப்பு, கேஸ் 40, ஆக 130 ரூபாய். பொட்டலம் ஆறரை ரூபாய் அடங்கும். 10 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 70 ரூபாய் நிற்கும். ஊசிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் தேங்காய். துருவலைத் தனியாக வைத்திருந்து, கொடுக்கும்போது மேலே தூவுங்கள். வெந்த தண்ணீரை ஒட்ட வடித்து, அகலமான தட்டில் ஆறவிட்ட பிறகே பாத்திரத்தில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து நாலு மணிக்குள் நூல் விடும். மதிய இடைவேளைக்கு ஒரு ஈடு, பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு ஈடு என்று இரண்டாகச் செய்தால் மிஞ்சாது. பழத்தில் தாராக வாங்காமல் இரண்டு சீப்பு வாங்கிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். வெட்டிய பழம் மட்டும் வேண்டாம். ஈயை உங்களால் சமாளிக்க முடியாது.

*மாடித் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவே இருக்காது என்கிறார்களே?*
— வாசகி, கொளத்தூர்

அப்படிச் சொல்பவர் தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுத்ததில்லை போலிருக்கிறது. கீரை, பச்சை மிளகாய், புதினா, கொத்தமல்லி வரை நிச்சயம் லாபம். சிறுகீரை 25, 30 நாளில் பறிக்கலாம். வெங்காயமும் உருளையும் கடையிலேயே வாங்குங்கள்.

*எங்கள் பகுதிக்கு உழவர் சந்தை கேட்டு மனு கொடுக்க இருக்கிறோம். யாரிடம், எப்படி?*
— குடியிருப்போர் நலச்சங்கம், போரூர்

1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்று விலை வைப்பதுதான் அதன் ஏற்பாடு. விவசாயிக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். ஆனால் அடையாள அட்டை பெற்ற விவசாயி தன் விளைச்சலோடு விடியற்காலையில் வந்து சேர்ந்தால்தான் சந்தை. சென்னையைச் சுற்றிப் பல்லாவரம், நங்கநல்லூர், மேடவாக்கம் என்று ஓரங்களிலேயே அது நிற்பதற்குக் காரணம், நகரத்துக்குள் வயல் இல்லை என்பதுதான். வயலுக்கும் பஸ்ஸுக்கும் தூரமான இடத்தில் கட்டிய சந்தையில் கடைகள் காலியாகக் கிடக்கும். வெளியே வியாபாரிகள் தரையில் கடை விரித்திருப்பார்கள்.

மனுவை வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறைக்கு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் ஒரு நகல் கொடுங்கள். 'சந்தை வேண்டும்' என்று மட்டும் எழுதினால் கோப்பு தூங்கும். எத்தனை வீடு, இப்போது காய் வாங்கப் போகும் தூரம், காலியாக இருக்கும் அரசு நிலத்தின் சர்வே எண், எந்தெந்தக் கிராமத்திலிருந்து விவசாயிகள் வர முடியும், அதிகாலையில் பஸ் உண்டா, இவற்றை எழுதுங்கள். விவசாயிகளின் கையெழுத்தும் இருந்தால் மனுவுக்கு எடை கூடும்.

சந்தை வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை இப்போது தெருவுக்கு வரும் வண்டிக்காரர்களைக் காப்பாற்றிக்கொள்வது முக்கியம். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். கணக்கெடுப்பு முடியும்வரை அவர்களை அகற்றக் கூடாது. நடைபாதையை அடைக்கிறார்கள் என்று புகார் கொடுப்பதும் பெரும்பாலும் நலச்சங்கங்கள்தான். அதற்குப் பதிலாக, 'எங்கள் வார்டில் இந்தத் தெருவில் பத்துக் காய்கறி வண்டிக்கு இடம் குறியுங்கள்' என்று வார்டு உறுப்பினரிடம் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

*நல்ல உணவு எல்லோருக்கும் கட்டுப்படியான விலையில் கிடைக்கும்படி செய்த நகரம் வேறு நாட்டில் உண்டா?*
— வாசகர், தாம்பரம்

பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டே. 1993-இல் மேயர் பட்ருஸ் அனானியாஸ் காலத்தில் உணவுக்கென்றே மாநகராட்சியில் தனித் துறை வைத்தார்கள். அவர்களுடைய மக்கள் உணவகம் நம் அம்மா உணவகத்துக்கு அண்ணன் முறை. நமக்கு இல்லாதது இன்னொன்று: ஆள் நடமாட்டமுள்ள நல்ல இடங்களை மாநகராட்சி காய்கறி வியாபாரிகளுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு, சுமார் இருபது சரக்கை மாநகராட்சி வைத்த விலைக்கே விற்க வேண்டும். மற்றவற்றை அவர்கள் விருப்ப விலைக்கு விற்கலாம். நல்ல இடம் கிடைத்தவர்கள் வார இறுதியில் லாரியோடு ஊர் ஓரத்து ஏழைக் குடியிருப்புகளுக்கும் போயாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். மானியத்தைவிட இடத்தைக் கொண்டு விலையைக் கட்டுகிற ஏற்பாடு. 2009-இல் எதிர்காலக் கொள்கை விருது கிடைத்தது. சென்னையில் பஸ் நிலையம், மெட்ரோ வாசல் கடைகளை ஏலம் விடும்போது பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் வாரம் இரண்டு நாள் வண்டி அனுப்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாமே.