அறுபது வருஷத்துக்கு முந்தைய பேச்சு: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆடி மாதம் தொடங்கி இதுவரை நான்கு புத்தகங்கள் முடித்திருக்கிறேன். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', பாமாவின் 'கருக்கு', அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டு தன்வரலாறு, இரண்டு நாவல்.

என் அபிப்பிராயங்களை மறைக்காமல் சொல்கிறேன். 'என் சரித்திரம்' பிடித்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. வயோதிகத்தில் உட்கார்ந்து, அறுபது வருஷத்துக்கு முன்னால் யார் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னேன் என்று மேற்கோள் குறி போட்டு எழுதுவது எப்படிச் சாத்தியம்? 'கருக்கு' ஒரே இருப்பில் முடிந்தது. ஆனால் அதே சிறுவயது அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்பத் திரும்ப வருகிறது. 'அட்சக்கோடு' நாவல் என்கிறார்கள், எனக்கு நினைவுக் குறிப்பாகத்தான் பட்டது. 'நான்' என்று வந்துகொண்டிருப்பது திடீரென்று 'அவன்' ஆகிவிடுகிறது, அச்சுப் பிழையா? கடைசியில் வரும் அந்தப் பெண் அசோகமித்திரன் வாழ்க்கையில் உண்மையிலேயே எதிர்ப்பட்டவளா? சிங்காரத்தில் போர்க் காட்சிகள் அபாரம், மதுக்கடைப் பேச்சு நீளம்.

எதை எவ்வளவு நம்பிப் படிப்பது?

கே.

அன்புள்ள கே.,

நான்கையும் அடுத்தடுத்துப் படித்ததால்தான் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. நல்ல கேள்வி. முதலில் 'என் சரித்திரம்'. உங்கள் சந்தேகம் அதில்தான் கனமாக இருக்கிறது.

எந்தத் தன்வரலாற்றைக் கையில் எடுத்தாலும் முதல் பக்கத்தின் ஓரத்தில் சில ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எழுதியவர் பிறந்தது, சம்பவங்கள் நடந்தது, எழுதியது, நூலானது. உ.வே.சா. பிறந்தது 1855. 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதத் தொடங்கியது 1940 ஜனவரி. 122 அத்தியாயங்கள் எழுதி, முடிக்காமலே 1942 ஏப்ரலில் காலமானார். நூலாக வந்தது 1950-ல். நீங்கள் சந்தேகப்படும் உரையாடல்களில் பெரும்பாலானவை 1870-களிலும் 80-களிலும் நடந்தவை. ஆகவே இடைவெளி நீங்கள் சொல்வதுபோல் அறுபது வருஷம்தான், சில இடங்களில் எழுபது.

இந்த இடைவெளியில் மனித நினைவு சொல்லுக்குச் சொல் எதையும் வைத்திருக்காது. அந்த மேற்கோள் குறிகளைப் பதிவு நாடா என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதனாலேயே புனைவு என்று தள்ளிவிடவும் வேண்டாம், சோதிக்க வழி இருக்கிறது.

சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்தை மறுபடி எடுங்கள். முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருக்கிறார். கல்லூரித் தமிழாசிரியராகிவிட்ட உ.வே.சா. போய்ப் பார்க்கிறார். நாள் 21-10-1880, வியாழக்கிழமை. பழைய நாள்காட்டியில் பாருங்கள், அன்று வியாழன்தான். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளின் கிழமை வெறும் ஞாபகத்தில் நிற்பது அபூர்வம். இந்த மனிதர் ஏதோ காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று அது எனக்குச் சொல்கிறது. அவருக்கு வந்த கடிதங்களே பத்திரமாக இருந்திருக்கின்றன. 1877 முதல் 1900 வரையிலானவை 'கடிதக் கருவூல'த்தின் முதல் தொகுதியாக வந்திருக்கின்றன. 'என் சரித்திர'த்தின் பிற்பகுதியைப் படிக்கும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் காட்சிக்குள் வாருங்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று வரிசையாக ஒப்பிக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெயரே மற்ற இடங்களில் கதவைத் திறந்துவிடும். இங்கே திறக்கவில்லை. பட்டியல் நீள நீள எதிரே இருப்பவர் முகத்தில் அசைவே இல்லை. கடைசியில் இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிடுகிறார். அடுத்து சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று அவர் கேட்ட எதையும் இவர் படித்ததில்லை. எழுதும்போது தமிழ்நாடு முழுக்கக் கொண்டாடப்பட்ட மனிதர், தாம் மிகவும் சிறுத்துப்போன ஒரு சந்திப்பை ஒரு வரியும் மழுப்பாமல் வைக்கிறார். தன்வரலாற்றில் நான் அதிகம் நம்புவது இப்படிப்பட்ட இடங்களைத்தான். சொற்கள் ஒன்றிரண்டு மாறியிருக்கலாம், அந்தப் பட்டியல் மெல்ல மெல்ல மதிப்பிழக்கும் வரிசை மாறியிருக்காது. அவர் பதிப்பித்த சீவகசிந்தாமணி 1887-ல் வந்தது. அந்த அவமானத்திலிருந்து அதற்கு ஏழு வருஷம்.

எல்லா அத்தியாயத்துக்கும் இதே எடை கிடையாது. ஓரத்தில் மூன்று எழுத்துகள் போட்டுக்கொள்ளுங்கள்: கண்டதற்கு 'க', கேட்டதற்கு 'கே', ஊகித்ததற்கு 'ஊ'. தொடக்கத்தில் உத்தமதானபுரம் உண்டான கதை வருகிறதே, ஏகாதசியன்று மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் பிராயச்சித்தமாக 48 வீடுகள் கட்டித் தானம் செய்தார் என்று, அது முழுக்க 'கே'. அழகான கதை, ஆனால் ஊரார் வாய்வழி வந்தது. மாயூரத்தில் பிள்ளையிடம் சேரும் பகுதி 'க'. இப்படி எழுத்துப் போட்டுப் போனால் புத்தகத்தின் எந்தப் பகுதியில் கால் வைக்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பலர் இடறும் ஒன்று தமிழ் வருஷப் பெயர். பிரபவ 1867-ல் தொடங்குகிறது என்று வைத்து எண்ணினால் யுவ வருஷம் 1875. ஆனால் தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால், மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரை வரும் நாட்களுக்கு ஒன்று கூட்ட வேண்டும். பிள்ளை மறைந்தது யுவ வருஷம் தை மாதம், அதாவது 1876 பிப்ரவரி 1. கூட்டாமல் விட்டால் ஒரு முழு வருஷம் பிசகி, மாணவர் ஆசிரியரோடு இருந்த காலமே குறைந்துவிடும்.

விட்டுப்போனதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய கல்யாணத்தின் சடங்குகளும் செலவும் விவரமாக இருக்கின்றன. அதற்குப் பிறகு மனைவி ஏறக்குறைய காணாமல் போகிறார். அந்தக் காலத்து ஆண்கள் எழுதிய வழக்கம் அது என்றாலும், அவ்வளவு துல்லியமான கண் வீட்டுக்குள் திரும்பவில்லை என்பது எனக்கு இந்தப் புத்தகத்தின் பெரிய குறையாகவே படுகிறது.

படிக்கும் வேகமும் முக்கியம். வாரத்துக்கு ஒன்று என்று எழுதப்பட்டவற்றை இரவும் பகலும் விழுங்கினால் முன்கதை நினைவூட்டல்கள் சலிப்பூட்டும். நாளுக்கு நான்கு அத்தியாயம் வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடியும்.

'கருக்கு' விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. திரும்பத் திரும்ப வருவது உண்மை, குறை என்பது சரியில்லை. அந்த ஊரை ஒரு முறை மலை, கண்மாய், தெரு, பட்டப்பெயர்கள் வழியாகப் பார்க்கிறோம். அடுத்து வேலை வழியாக, பிறகு கோயில் பூசை வழியாக, பள்ளிக்கூடம் வழியாக. ஒவ்வொரு முறையும் அதே சிறுமிதான் புறப்படுகிறாள், வேறு சுவரில் போய் முட்டுகிறாள். வருஷக் கணக்காக அடுக்கியிருந்தால் அது ஒரு பெண் படித்து முன்னுக்கு வந்த கதையாகிப் போயிருக்கும். ஏழு வருஷம் இருந்த கன்னியர் மடத்தைவிட்டு பாமா வெளியே வந்த அதே 1992-ல் நூலும் வந்துவிட்டது. உ.வே.சா.வுக்கு அறுபது வருஷத் தூரம் என்றால் இவருக்கு மடத்து அனுபவத்தில் தூரமே இல்லை. கடைசிப் பகுதியின் சூடும் அவசரமும் அதனால் வருபவை.

பொட்டலக் காட்சியைப் பாருங்கள். பள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தபடி வரும் சிறுமி, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு பொட்டலத்தை அதன் நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். காகிதத்தில் எண்ணெய் ஊறியிருப்பதைக் கண்டு உள்ளே வடையோ வாழைக்காய் பஜ்ஜியோ இருக்கும் என்று நினைக்கிறாள். அவர் அதை நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் நூலைப் பிடித்துக்கொண்டு போனார் என்று விளக்குகிறான். எண்ணெய்க் கறை அவள் கண்டது, தீட்டு அவள் கேட்டது. இரண்டையும் கலக்காமல், சிரிப்பை முதலில் வைத்து, காரணத்தைப் பின்னால் வைத்திருக்கிறார். இந்தக் காட்சிக்குத் தேதி தேவையில்லை. நூலில் ஊர்ப் பெயர் இல்லாததும் குறையாகத் தெரியாது. பேச்சு வழக்கில் எழுதப்பட்ட நூல் என்பதால் அடுத்த முறை இந்தப் பக்கங்களை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணுக்குத் திரும்ப வருவதாகப் பட்டது காதுக்கு அப்படிப் படாது.

'அட்சக்கோடு' அச்சுப் பிழை அல்ல. தன்மையும் படர்க்கையும் மாறி மாறி வருவது ஆசிரியர் வேண்டுமென்றே செய்தது. மாறும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சந்திரசேகரனுக்குள் இருந்து பார்ப்பதும் அவனையே ஒதுங்கி நின்று பார்ப்பதும் எங்கே பிரிகின்றன என்று புரியும். இந்தச் சுதந்திரம் 'என் சரித்திர'த்துக்குக் கிடையாது. அங்கே 'நான்' என்பது கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்.

இன்னொரு சின்ன அடையாளம் தலைப்பிலேயே இருக்கிறது. ஹைதராபாதும் செகந்திராபாதும் இருப்பது பதினேழரை டிகிரிக்குச் சற்றுத் தெற்கே. நாவலாசிரியர் 18 என்று முழுமையாக்கிக்கொள்கிறார், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சரித்திரத்தை அவர் அப்படி முழுமையாக்கவில்லை. 1947 ஆகஸ்ட் 15-ல் நிஜாமின் சமஸ்தானம் இந்தியாவில் சேராமல் நின்றது, 1948 ஜனவரி 30-ல் காந்தி கொல்லப்பட்டார், அதே வருஷம் செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்து ஐந்து நாளில் முடிந்தது என்று வெளியே உள்ள தேதிகளை ஓரத்தில் எழுதிக்கொண்டு படித்தால், கிரிக்கெட்டும் கல்லூரியுமாக மெதுவாகப் போவதாகத் தோன்றும் பக்கங்களுக்குப் பின்னால் என்ன நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். அந்தப் பக்கங்கள் உங்களுக்கு மந்தமாகப் பட்டிருந்தால், அந்தத் தேதிகள் கையில் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். அசோகமித்திரன் 1931-ல் செகந்திராபாதில் பிறந்தவர், 1948-ல் பதினாறு பதினேழு வயது, நாவல் வந்தது 1977-ல். எதிர்ப்பட்டிருக்கலாம் என்று கணக்கு இடம்கொடுக்கிறது. அதற்குமேல் கேட்க வேண்டாம். குடும்பத்தைக் காப்பாற்றத் தன்னையே கொடுக்கத் துணிந்து அவள் நிற்கிறாள், அவன் ஓடுகிறான். நடந்தது என்று தெரிந்தால் அந்த ஓட்டம் ஒரு மனிதரின் சொந்த விஷயமாகச் சுருங்கிவிடும். நாவலில் அது, படித்து முடித்த நம் காலில் ஏறிக்கொள்கிறது.

சிங்காரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மதுக்கடைப் பேச்சு நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் வாசிப்பில் வேகமாகக் கடந்துவிட்டு இரண்டாம் முறை நின்று படியுங்கள். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வட்டிக்கடைப் படிநிலைகள் வரும் பக்கங்களை மட்டும் எப்போதும் விடாதீர்கள். இளமையில் இந்தோனேசியாவின் மெடான் நகரில் வாழ்ந்துவிட்டு 1946-ல் ஊர் திரும்பியவர் அவர். கடைத்தெருக்களின் அந்த விவரம் நேரில் இருந்தவருக்குத்தான் வரும்.

உ.வே.சா. கதை 1890-களின் இறுதியோடு நின்றுபோவது உங்களை ஏமாற்றியிருக்கும். அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளுக்கு அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரான்' இருக்கிறது. ஆனால் அதற்கு முன், உ.வே.சா.வே எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரத்தின் இரண்டு பாகங்களையும் (1933, 1934) எடுங்கள். இரண்டு நூல்களிலும் வரும் ஒரே சம்பவத்தைத் தேடிப் பக்கத்தோடு பக்கம் வைத்து, ஆறேழு வருஷத்தில் எது கூடியிருக்கிறது, எது கழன்றிருக்கிறது என்று பாருங்கள். மாயூரத்தில் மாணவராகச் சேரும் நாளிலிருந்து தொடங்கலாம்.