கேளுங்கோ, கதைப்பம்: விளம்பரத் துண்டும் இங்கிலீஸ் பாடமோ?

கேள்வி: என்ர மகன் பத்தாம் ஆண்டு, ஓ லெவலுக்கு லிற்றரேச்சர் எடுத்திருக்கிறார். போன மாசம் முழுக்க அவையின்ர ரீச்சர் புத்தகத்தை மூடி வச்சிட்டு விளம்பரம், பேஸ்புக் போஸ்ட், பாட்டு, கொமிக்ஸ் எண்டு கொண்டுவந்து வாசிக்க விடுறாவாம். மெல்பேணில இருக்கிற என்ர தங்கச்சியின்ர மகளும் படம் பாத்துத்தான் இங்கிலீஸ் படிக்கிறாளாம். இதெல்லாம் ஒரு படிப்போ, இல்லாட்டி பிள்ளையளின்ர நேரத்தை வீணாக்கினமோ?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, முதல்ல மெல்பேண் கதையை முடிச்சிடுவம். அங்க விக்ரோரியா மாநிலத்தில 12ஆம் ஆண்டு இங்கிலீசுக்குக் குடுக்கிற லிஸ்ற்றில நாவல், நாடகத்தோட சினிமாப் படமும் வரும், படக்கதைப் புத்தகமும் வந்திருக்கு. படம் பாக்கிறதெண்டா மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு சோபாவில சாய்ஞ்சு பாக்கிறேல்ல, கமரா ஏன் அந்த ஆளை மேலயிருந்து காட்டுது, அந்த இடத்தில ஏன் மியூசிக் நிண்டுது எண்டு யோசிச்சுக் கட்டுரை எழுதோணும். அதோட முன்னப்பின்னக் காணாத ஒரு பத்தியையோ பேச்சையோ குடுத்து, இந்தாள் ஆக்களைத் தன்ர பக்கம் இழுக்க என்னென்ன செய்யிறார் எண்டும் சோதினையில கேப்பினம். உங்கட பெறாமகள் சும்மா இருந்து படிக்கேல்ல.

இனி எங்கட பக்கம். மகன்ர கவிதைப் புத்தகத்தை ஒருக்கா வாங்கிப் பாருங்கோ. கீற்ஸ், பிளேக் எண்டு பெரிய ஆக்களுக்கு நடுவில கேட் ஸ்டீவன்ஸ் எண்ட பாடகர் 1970இல பாடின 'ஃபாதர் அண்ட் சன்' பாட்டையும் காணுவியள். அப்ப "பாட்டெல்லாம் இலக்கியமோ" எண்ட வழக்குக்கு எங்கட சிலபஸே எப்பவோ தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. தகப்பன் பொறு, அவசரப்படாத எண்டுறார், மகன் நான் போகத்தான் போறன் எண்டுறான், ரெண்டையும் பாடுறது ஒரே ஆள்தான், ஆனா தகப்பனுக்குக் கீழ்க் குரல், மகனுக்கு மேல் குரல். புத்தகத்தில அச்சடிச்ச வரியை மட்டும் வாசிச்சா இது எங்க தெரியப்போகுது? ரீச்சர் அதைப் போட்டுக் காட்டினவவெண்டா கும்பிட்டு நன்றி சொல்லுங்கோ.

விளம்பரத்துக்கு வருவம். போன கிழமை பஸ் ஸ்ராண்டில ஒருத்தர் கையில திணிச்ச துண்டு ஒண்டு என்ர மேசையில கிடக்கு, வெளிநாட்டுப் படிப்பு, ஐஈஎல்டிஎஸ் எண்ட இங்கிலீஸ் சோதினை தேவையில்லை எண்டு. முழு இங்கிலீஸ். மேல பெரிய எழுத்தில எல்லாம் யுவர் ட்ரீம், யுவர் ஃபியூச்சர், உங்களைத்தான் கூப்பிடுது. கீழ எறும்பு மாதிரி எழுத்தில, விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படும், கட்டின காசு திருப்பித் தரப்படமாட்டாது. ஆர் பரிசீலிக்கிறது, ஆர் தரமாட்டினம்? ஆளில்லை. எல்லாம் பசிவ் வொய்ஸ், செயப்பாட்டுவினை. எங்கட பிள்ளையள் அக்ரிவ்வைப் பசிவ் ஆக்கி ஆக்கிக் கொப்பி கொப்பியா நிரப்பினதுகள், ஆனா ஒருத்தன் ஏன் பசிவ்வில எழுதிறான், எழுதி ஆரை ஒளிக்கிறான் எண்டு ஒரு வகுப்பிலயும் கேட்டதில்லை. இந்தத் துண்டை நம்பித் தோட்டக் காணியை ஈடு வைக்கிற ஊரில இதைப் படிப்பிக்காமல் வேற எதைப் படிப்பிக்கிறது சொல்லுங்கோ.

ஆனா துண்டுக்கு ஒரு பாடவேளை காணும், கள்ளம் பிடிபட்டா அதின்ர சோலி முடிஞ்சுது. யஸ்மின் குணரத்தினவின்ர 'பிக் மேட்ச், 1983' கவிதையும் இதே சிலபஸிலதான். எங்களுக்கு பிக் மேட்ச் எண்டா சென்றல் பள்ளிக்கூடமும் சென் ஜோன்சும் ஆடுற கிரிக்கெற்றும், பப்பரே வாத்தியமும். அந்தக் கவிஞர் அந்தப் பேரைக் கொண்டுபோய் ஆடிக் கலவரத்துக்கு வச்சிருக்கிறா. ஏன் வச்சா எண்டு உங்கட மகன் உங்களிட்டயே வந்து கேட்டா நீங்கள் என்ன சொல்லுவியள், உங்கட அம்மா என்ன சொல்லுவா? ரெண்டும் ரெண்டு மறுமொழியா இருக்கும், ரெண்டையும் கேட்டுட்டுப் போய் அவன் திருப்பி வாசிச்சா இன்னொண்டு தெரியும். அந்த வேலையை பேஸ்புக் போஸ்ட் செய்யாது. அதால ஒரு மாசம் முழுக்க எண்டது எனக்கும் கொஞ்சம் கூடத்தான் படுது, கடைசியில சோதினையில கேக்கிறது குடுத்த கவிதை, கதையளில இருந்துதான்.

எனக்கு உண்மையில கவலை உங்கட மகனைப் பற்றி இல்லை. லிற்றரேச்சர் விரும்பினா எடுக்கிற பாடம், எல்லாரும் கட்டாயம் எடுக்கிறது மற்ற இங்கிலீஸ். அதில என்ன இருக்கு? போர்ம் நிரப்பு, நோட்டீஸ் எழுது, கடிதம் எழுது, படத்தைப் பாத்து எழுது, கிராஃபை விளங்கப்படுத்து. புத்தகத்தில இடைக்கிடை ஒரு பாட்டு, ஒரு சின்னக் கதை வரும்தான், சோதினைக்கு வராதெண்டு கன இடத்தில பக்கத்தைத் தட்டிவிட்டுப் போறது. வெளிநாட்டில சண்டை, உந்தப் புதுச் சாமானுகள் வந்து இலக்கியத்தைத் தள்ளிப்போடுமோ எண்டு. இங்க தலைகீழ், நோட்டீசும் போர்மும்தான் நிறைய, கதையும் கவிதையும் கொஞ்சப் பேருக்கு. அந்த நோட்டீசையும் ஆராவது கேள்வி கேட்டு வாசிக்கினமோ எண்டா அதுவும் இல்லை, இத்தனை சொல்லில எழுது எண்டு மாக்ஸ் போடுறதோட சரி.

ரீச்சரோட சண்டைக்குப் போகாதேங்கோ. அந்த விளம்பரத்தில என்ன கேள்வி கேட்டவா எண்டு மகனைக் கேளுங்கோ. "இது என்ன விளம்பரம்" எண்டது மட்டும்தானெண்டா உங்கட கோவம் ஞாயம்.

கேள்வி: அமெரிக்காவில இங்கிலீஸ் பாடத்தில 70 வீதம் இலக்கியம் இல்லாத சாமான்தான் வாசிக்கோணும் எண்டு சட்டமாமே ஐயா, உண்மையோ?
- வாசகர், நெல்லியடி

பதில்: அரைவாசி உண்மை. 2010இல வந்த கொமன் கோர் எண்ட பாடத்தர வரையறையில அந்த 70 இருக்கு, 12ஆம் வகுப்புக்கு. ஆனா அது பிள்ளை எல்லாப் பாடத்திலயும் வாசிக்கிற மொத்தத்தில, சரித்திரம், விஞ்ஞானம் எல்லாம் அதுக்குள்ள. இங்கிலீஸ் ரீச்சர் நாவலைத் தூக்கி எறியோணும் எண்டு அதில இல்லை. சில பள்ளிக்கூடங்கள் அப்பிடி விளங்கி எடுத்துக்கொண்டு இலக்கியத்தைக் குறைச்சதெண்டு அங்கத்தை ரீச்சர்மாரே கத்தினவை, அந்தச் சத்தம்தான் உங்கட வட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்திருக்கு.

கேள்வி: நான் புதுசா வந்த இங்கிலீஸ் ரீச்சர். விளம்பரம், பாட்டு எண்டு வச்சுப் படிப்பிக்க ஆசைதான், ஆனா எங்கட பள்ளிக்கூடத்தில புரொஜெக்ரரும் இல்லை, போனும் கொண்டுபோகேலாது.
- பருத்தித்துறை

பதில்: பிள்ளை, அது ஒண்டும் வேண்டாம். பனடோல் பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற தாளை எடுத்துக்கொண்டு போங்கோ, எந்தெந்த வரியில கம்பனி தன்னைக் காப்பாத்துது, எந்த வரி எங்களைக் காப்பாத்துது எண்டு கோடு போடச் சொல்லுங்கோ. இன்னும் நல்லது பேப்பர். அரசாங்க இங்கிலீஸ் பேப்பர் ஒண்டு, தனியார் பேப்பர் ஒண்டு, ஒரே நாள், ஒரே செய்தி, ரெண்டு தலைப்பையும் கரும்பலகையில எழுதிப்போட்டு நீங்கள் வாய் திறக்காமல் பத்து நிமிசம் பொறுத்திருந்து பாருங்கோ. அதே கிழமை ஒரு கவிதையும் கட்டாயம். பழைய பேப்பர் கடையில கிலோக்கணக்கில கிடைக்கும், ஆனா ஒரே திகதியில ரெண்டையும் தேடிப் பிடிக்கிறது கஷ்டம், அதால ஊர் வாசிகசாலையில இப்பவே சொல்லி வையுங்கோ, இல்லாட்டி அவையள் மாச முடிவில கட்டிப் போட்டிடுவினம்.